சிங்கப்பூர் இடம்

தமிழை ஒழுங்காகப் பேசப்போய் வம்பில் மாட்டிக்கொண்டவர்கள் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். நான் ஒருத்தி இருக்கிறேன். சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்தவள். அப்பா தமிழாசிரியர். சாப்பிடும்போது வாயில் ஓர் ஆங்கிலச் சொல் வந்துவிட்டால் குழம்புச் சட்டியை எட்டாத தூரத்துக்கு நகர்த்திவிடுவார். அந்தப் பழக்கத்தில், இந்தியாவுக்குத் தொலைபேசினால் என் நாக்கு தானாகவே நிமிர்ந்து உட்கார்ந்துகொள்ளும். திருநெல்வேலிப் பயணத்தில் நடந்த கூத்து எல்லாம் அப்படி ஒரு தொலைபேசிப் பேச்சிலிருந்து தொடங்கியதுதான்.

அது தொண்ணூறுகளின் கடைசி. எங்கள் பல்கலைக்கழகத்தில் பயோஇன்ஃபர்மேடிக்ஸ் என்று ஒரு புதிய துறைக்கு ஆய்வுக்கூடம் தொடங்கியிருந்தார்கள். உயிர்களின் புரதங்களையும் மரபணுக்களையும் எழுத்துகளாக எழுதி, கணினியில் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, எது எதோடு ஒத்துப்போகிறது என்று பார்க்கிற வேலை. நான் அங்கே விரிவுரையாளர். ஆராய்ச்சி மாணவர்களைத் தேடிப் பிடிக்கும் பொறுப்பும் என் தலையில்தான் இருந்தது.

அம்பாசமுத்திரத்திலிருந்து கோமதி என்ற பெண் எங்களுக்கு மின்னஞ்சல் எழுதியிருந்தாள். பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றில் எம்.எஸ்ஸி. தாவரவியல் முடித்தவள். நெல்லில் வரும் குலைநோய்ப் பூஞ்சையின் ஒரு புரதத்தைப் பற்றி நாங்கள் எழுதிய கட்டுரையைப் படித்துவிட்டு, “இதை நெல்லின் இந்தப் புரதத்தோடு ஏன் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை?” என்று கேட்டிருந்தாள். எங்களில் யாருக்கும் தோன்றாத கேள்வி. பேராசிரியர் படித்துவிட்டு, இருக்கிற ஒரே இடத்தை இவளுக்குக் கொடுக்கலாம் என்றார். ஆனால் முந்தின வருடம் ஒரு பையன் சரி என்று சொல்லிவிட்டு, விமானம் ஏறும் நேரத்தில் வீட்டில் விடவில்லை என்று கைவிரித்திருந்தான். அதனால், “நேரில் போய் வீட்டாரிடம் பேசு. நீ திரும்பும்போது பதில் இல்லையென்றால் இடம் மணிலாவிலிருந்து விண்ணப்பித்திருக்கிறவருக்கு” என்று என்னை அனுப்பினார்.

கோமதி கொடுத்திருந்த எண் பக்கத்துக் கடையுடையது. மருந்துக்கடைக்காரர் எடுத்தார். நான் கணீரென்று சொன்னேன்: “சிங்கப்பூரிலிருந்து பேசுகிறேன். ஆவுடையப்பன் ஐயாவின் மகள் கோமதிக்கு இங்கே ஓர் இடம் இருக்கிறது. பெண்ணை நேரில் பார்த்து, வீட்டாரோடும் கலந்து பேசி முடிவு செய்யலாம் என்று வருகிறேன்.”

மறுமுனையில், “ரொம்ப சந்தோசம்மா! இப்பமே போய்ச் சொல்லிருதேன்” என்று குரல் துள்ளியது. கல்விக்கு இந்த ஊரில் இவ்வளவு மரியாதையா என்று நெகிழ்ந்துபோனேன்.

*

திருநெல்வேலி ஜங்ஷனில் இறங்கிய அன்று வெயிலும் இல்லை, மழையும் இல்லை. மேற்கே சாரல் தொடங்கிவிட்டது என்று விடுதிக்காரர் சொன்னார். காலையில் இட்லிக்கு மிளகாய்ப்பொடியைக் குவித்து, நடுவில் குழி பறித்து நல்லெண்ணெய் ஊற்றினார்கள். கண்ணில் தண்ணீர் வந்தது, ஆனாலும் இன்னும் இரண்டு இட்லி கேட்டு வாங்கினேன்.

பாளையங்கோட்டைக்கு ஆட்டோ. ஆற்றுப் பாலத்தின் நட்டநடுவில் வண்டி செருமிவிட்டு நின்றது. பெட்ரோல் தீர்ந்துவிட்டதாம். ஓட்டுநர் என்னை இறக்கிவிட்டு, ஆட்டோவை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்துக் குலுக்கினார். இரண்டு பக்கமும் பேருந்துகள் ஹாரன் அடித்தன. நான் பதறியதைப் பார்த்து, “பைய போயிரலாம்மா, பைய” என்றார். நான் பையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ‘பைய’ என்றால் மெதுவாக என்று அப்புறம் அவரே சிரித்துக்கொண்டு விளக்கினார். அடியில் கிடந்த சொட்டு பெட்ரோலில் வண்டி கல்லூரி வாசல் வரைக்கும் போய்விட்டது. எங்கள் ஊரில் இப்படி ஒரு வண்டி பாலத்தில் நின்றால் இழுவை வண்டி வந்து, அபராதம் போட்டு, பெரிய வைபவமே நடந்திருக்கும்.

கல்லூரியில் கணினி அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். உள்ளே குளிர்ச்சி. திரைகள் ஒவ்வொன்றும் பூப்போட்ட துணியைப் போர்த்திக்கொண்டு, நெற்றியில் சந்தனம் குங்குமத்தோடு உட்கார்ந்திருந்தன. துறைத்தலைவர் நல்ல மனிதர். புலம்புவதற்கு ஆள் கிடைக்காமல் இருந்திருக்கிறார் போலிருக்கிறது.

“மதுரையில டிப்ளமா இருக்கு. புனேயில இருக்கு. நாங்களும் தொடங்கணும்னு பாக்கோம். ஆனா யாரு சொல்லிக்கொடுக்க? கம்ப்யூட்டர்காரனுக்கு செல் தெரியாது, எங்களுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. ரெண்டும் தெரிஞ்ச ஒரே ஆளு அந்தப் பொண்ணுதான், அதுவும் தானாப் படிச்சது” என்றார்.

கோமதி எப்படி வேலை செய்தாள் என்று காட்டினார். ஜங்ஷன் பக்கத்து பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, லைன் கிடைத்த நேரத்தில் புரத எழுத்துகளை ஃபிளாப்பியில் இறக்கிக்கொண்டு வருவாளாம். நான்கில் ஒரு ஃபிளாப்பி வழியிலேயே கெட்டுப்போகுமாம். பிறகு அச்செடுத்து, தாள்களை ஒட்டி, மேசைமேல் நீளமாக விரித்து, பென்சிலால் கோடு போட்டுப் பொருத்துவாளாம். எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு பொத்தானை அழுத்திவிட்டுக் காப்பி குடிக்கப் போவோம். அந்தத் தாள் சுருளைப் பிரித்துப் பார்த்தபோது இந்தப் பெண்ணை விட்டுவிட்டுப் போகக் கூடாது என்று உறுதியாகத் தோன்றியது.

“ஆள் எங்கே?” என்றேன்.

“ஊருக்குப் போயிருக்கா. வீட்டுல ஏதோ விசேஷமாம். முகமே சரியில்ல” என்றார்.

*

மறுநாள் அம்பாசமுத்திரத்துக்குத் தனியார் பேருந்து. பாட்டுச் சத்தத்தில் கண்ணாடியே அதிர்ந்தது. வீரவநல்லூர் தாண்டியதும் டயர் பஞ்சர். எல்லோரும் இறங்கி வாய்க்கால் கரையில் நின்றோம். அணை திறந்து தண்ணீர் வந்திருந்ததால் வயல்களில் கார் பருவ நெல் நடவு நடந்துகொண்டிருந்தது. இரண்டு ஆண்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது: “உமக்கு எத்தனை தடவை சொல்லுதது, முதல் தண்ணியே கடைமடைக்கு வந்துட்டுன்னா அது கனவுவே.” நான் பள்ளியில் படித்த தமிழில், ஆண்கள் ஒருவரையொருவர் விளிக்கிற இந்த ‘வே’ கிடையாது. கேட்கக் கேட்க எனக்குப் பிடித்துப்போனது.

பக்கத்தில் நின்ற அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “எங்க போறிய?” என்றார்.

“அம்பாசமுத்திரம். ஒரு பெண்ணைப் பார்த்துப் பேச வேண்டும்.”

“ஆத்தி, நல்ல காரியம். முடியும் பாருங்க, நல்லபடியா முடியும்” என்று சொல்லி, தன் கூடையிலிருந்து ஒரு முழம் பிச்சிப்பூவைக் கிள்ளி என் தலையில் வைத்துவிட்டார். வாங்க மறுத்தால் தப்பு என்று தோன்றியதால் தலையைக் காட்டினேன்.

கோமதியின் அப்பா ஆவுடையப்பன் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் உரமும் பூச்சிமருந்தும் விற்கிறவர். கடை பூட்டிக் கிடந்தது. வீட்டு வாசலில் நான் ஆட்டோவைவிட்டு இறங்கியதுமே உள்ளே ஒரு பரபரப்பு. பெரிய கோலம். கூடத்தில் ஜமக்காளம் விரித்துப் பத்துப் பன்னிரண்டு உறவினர்கள். வாசல் நிலையோரமாக வெள்ளைச் சட்டையில் ஒருவர் பல்லெல்லாம் தெரிய நின்றார். மருந்துக்கடை அண்ணாச்சி அவர்தான். கேசரி வந்தது, வாழைக்காய் பஜ்ஜி வந்தது. பிறகு பட்டுச் சேலையும் தலை நிறையப் பூவுமாகக் கோமதி காப்பித் தட்டோடு வந்தாள். என் முகத்தைப் பார்க்கவே இல்லை. ஆராய்ச்சி மாணவியைப் பட்டுச் சேலையில் நான் நேர்காணல் செய்தது அதுதான் முதல் தடவை.

“பையன் வரலியாம்மா?” என்று கோமதிக்குப் பெரியம்மா முறையாகும் ஒருவர் கேட்டார்.

எனக்கு மகன் இருப்பது இவர்களுக்கு எப்படித் தெரியும் என்று யோசித்துக்கொண்டே, “இல்லைங்க. அவனுக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது” என்றேன்.

“வாத்தியாரா இருக்காரோ?”

“இல்லை, இல்லை. படிக்கிறான்.”

“இன்னுமா படிக்காரு? வயசு?”

“பதினான்கு.”

பஜ்ஜித் தட்டு நடுவழியில் நின்றது. யாரோ ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். ஆவுடையப்பன் மெல்ல முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். “அம்மா, நீங்க ‘இடம்’னுதான சொன்னிய?”

“ஆமாம் ஐயா. எங்கள் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி இடம்.”

“அப்பம் மாப்ள?”

“எந்த மாப்பிள்ளை?”

எல்லோரும் மருந்துக்கடை அண்ணாச்சியைத் திரும்பிப் பார்த்தார்கள். மனிதர் வெலவெலத்துப்போனார். “அவங்க இடம்னுதான் சொன்னாங்க அண்ணாச்சி. பொண்ணை நேர்ல பாக்கணும்னாங்க. வீட்டாரோட கலந்து பேசணும்னாங்க. நான் ஒத்த வார்த்தை கூட்டவும் இல்ல, குறைக்கவும் இல்ல!” அவர் சொன்னது அத்தனையும் உண்மை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இங்கே பெண்ணுக்கு இடம் என்றால் மாப்பிள்ளை வீடு. எங்கள் ஊரில் இடம் என்றால் பள்ளியில் இடம், கார் நிறுத்த இடம். நான் சிரிக்கப்போனேன். கோமதியின் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைப்பதைப் பார்த்ததும் சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

“சாத்தான்குளத்துல ஒரு இடம்” என்றார் ஆவுடையப்பன். “பையன் தூத்துக்குடியில பேங்குல இருக்கான். எல்லாம் பேசியாச்சு, பூ வைக்க நாள் பாத்தாச்சு. சிங்கப்பூர்ன்னு கேட்டதும் எனக்குப் புத்தி கெட்டுப்போச்சு. வேண்டாம்னு சொல்லிவிட்டுட்டேன். இனிமே எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அவுக வாசல்ல போய் நிப்பேன்?”

மன்னிப்புக் கேட்டேன். தூய தமிழில் கேட்டேன், அது இன்னும் கேவலமாக ஒலித்தது.

சாப்பாடு ஏற்கெனவே தயாராக இருந்தது. தேங்காய்ப்பாலில் காய்கறி போட்ட சொதி, இஞ்சித் துவையல், உருளைக்கிழங்கு வறுவல். அவ்வளவு ருசியான குழம்பை நான் எங்கேயும் சாப்பிட்டதில்லை. கல்யாணம் முடிந்து மறுவீட்டுக்கு வரும் மாப்பிள்ளை வீட்டாருக்கு வைக்கிற குழம்பாம் அது. பெரியம்மா பரிமாறிக்கொண்டே சொன்னார். எல்லோரும் தலை நிமிராமல் சாப்பிட்டோம்.

*

லாட்ஜுக்குப் போகிறேன் என்றதற்கு ஆவுடையப்பன் ஒத்துக்கொள்ளவில்லை. கோபம் வேறு, விருந்தாளி வேறு என்றார். சாயங்காலம் உறவினர்கள் கலைந்ததும் என் எதிரில் வந்து உட்கார்ந்து, “சரி, அது என்ன படிப்புன்னு சொல்லுங்க” என்றார்.

நான் சொன்னேன். எழுத்து வரிசை, ஒப்பிடுதல், பொருத்தம் பார்த்தல் என்று என் தமிழ் தன் பாட்டுக்கு ஓடியது. பெரியம்மா குறுக்கே புகுந்தார். “கம்ப்யூட்டர்ல பொருத்தம் பாக்கதுக்கு சிங்கப்பூர் எதுக்கு? இங்கன பஜார்லயே ஒரு சோசியர் பாக்காரு. பத்துப் பொருத்தமும் அச்சடிச்சுத் தாராரு.”

“அந்தப் பொருத்தம் இல்ல பெரியம்மா” என்றாள் கோமதி. அவள் குரலை அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டேன். “இது புரதத்துக்குப் பாக்கது. பிளாஸ்ட்டுன்னு ஒரு புரோகிராம் இருக்கு.”

ஆவுடையப்பன் நிமிர்ந்தார். “பிளாஸ்ட்டா? பிளாஸ்ட்டுக்கு மருந்து நம்ம கடையிலயே இருக்குல்லா ஏட்டி!”

குலைநோய்க்கு ஆங்கிலப் பெயரும் அதுதான். கோமதி சிரித்துவிட்டாள், நானும் சிரித்தேன், அவர் மட்டும் சிரிக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு கேள்விகள் சரமாரியாக வந்தன. படித்து முடித்தால் என்ன உத்தியோகம்? மருந்துக் கம்பெனிகளிலும் பயிர் ஆராய்ச்சியிலும் ஆள் தேவைப்படும் என்று எல்லோரும் நம்புகிறோம், எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர என்னால் முடியாது என்றேன். எங்கே தங்குவாள்? மாணவியர் விடுதியில். மரக்கறிச் சாப்பாடு கிடைக்குமா? தேடினால் கிடைக்கும்.

“மதுரையிலயே டிப்ளமா இருக்குங்காங்களே. அப்பம் எதுக்குக் கடல் தாண்டணும்?” என்றார் கடைசியாக.

நியாயமான கேள்வி. நான் வாயைத் திறப்பதற்குள் கோமதி பதில் சொன்னாள். “அங்க புரோகிராமை எப்படி ஓட்டுததுன்னு சொல்லித் தருவாங்கப்பா. அது எனக்கு இப்பமே தெரியும். நான் கேட்ட கேள்விக்கு இன்னும் யாருக்கும் பதில் தெரியாது. சிங்கப்பூர்ல அதை மட்டும் பாக்கதுக்கு இடம் தாராங்க.”

ஆவுடையப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “நாளைக்குச் சொல்லுதேன்” என்று எழுந்துவிட்டார்.

*

மறுநாள் சாயங்காலம் எனக்கு ரயில். வந்தவரைச் சுற்றிக்காட்டாமல் அனுப்பக் கூடாது என்று காலையிலேயே ஆவுடையப்பன் என்னையும் கோமதியையும் பாபநாசத்துக்குக் கூட்டிப்போனார். மலையடிவாரம், பாறைகளுக்கு நடுவே ஆறு, படித்துறையில் கையளவு மீன்கள் கூட்டம்கூட்டமாக நின்றன. பொரி வாங்கிப் போடுவது வழக்கமாம். ஆவுடையப்பன் ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு கீழ்ப்படியில் போய் நின்றார். நானும் கோமதியும் மேலே உட்கார்ந்திருந்தோம். எங்கள் ஊரில் ஆற்று மீனுக்குத் தீனி போட்டால் தண்டம் கட்ட வேண்டியிருக்கும் என்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் கேட்கவில்லை.

“மேடம், மெடிக்கல் அண்ணாச்சி வந்து சொல்லும்போது நான் அடுக்களையிலதான் நின்னேன்” என்றாள். “எந்த இடம்னு எனக்கு அப்பமே தெரியும். சாத்தான்குளத்துக்கு வேண்டாம்னு ஆள் போற வரைக்கும் நான் வாயைத் திறக்கல.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. “ஏன்?”

“அந்தப் பையன் மேல குறை ஒண்ணும் இல்ல. ஆனா மேற்கொண்டு படிப்பு வேண்டாம்னு முதல் நாளே சொல்லிட்டாங்க. அப்பாவும் சரின்னுட்டாங்க. என்கிட்ட யாரும் கேக்கல.”

கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. இந்தப் பெண்ணுக்காக நான் அத்தனை பேர் முன்னால் அசடு வழிந்திருக்கிறேன். அந்த மருந்துக்கடைக்காரர் பாவம், ஒரு தப்பும் செய்யாமல் பேச்சு வாங்கினார். அதைவிட, கீழே நின்று மீனுக்குப் பொரி போட்டுக்கொண்டிருக்கிற மனிதர் எல்லாம் தன் ஆசையால் வந்த கேடு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

“போய் உன் அப்பாவிடம் நீயே சொல். சொல்லாவிட்டால் அந்த இடத்தை நான் உனக்குத் தர மாட்டேன்” என்றேன். தராமல் இருக்கும் அதிகாரம் எனக்கு இல்லை. வாயில் வந்துவிட்டது.

எழுந்து போனாள். படியிறங்கி அவர் பக்கத்தில் நின்றாள். தண்ணீர்ச் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவள் பேசப் பேச அவர் ஒவ்வொரு பிடியாகப் பொரி போட்டுக்கொண்டே இருந்தார். பிறகு கை நின்றது. மிச்சப் பொரியை மொத்தமாகக் கொட்டிவிட்டு, காகிதத்தைக் கசக்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மேலே வந்தார். “கிளம்புவோமா?” என்றார். அவ்வளவுதான். கெடுத்துவிட்டேனே, வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமே என்று திருநெல்வேலி வரும் வரைக்கும் என் மனம் அடித்துக்கொண்டது. பேருந்தில் மூன்று பேரும் மூன்று இருக்கையில் உட்கார்ந்து வந்தோம்.

*

ஜங்ஷன் நடைமேடையில் அவர் என் கையில் ஒரு அல்வாப் பொட்டலத்தைக் கொடுத்தார். இன்னும் சூடு ஆறவில்லை. தமிழில் ஒருவருக்கு அல்வா கொடுப்பது என்றால் என்ன அர்த்தம் என்று சிங்கப்பூர்க்காரிக்கும் தெரியும். இனியும் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன். “ஐயா, நான் என்ன சொல்லட்டும் அங்கே?”

“வண்டி வரட்டும்” என்றார்.

வண்டிக்கு முன்னால் வேறொருவர் வந்தார். கக்கத்தில் தோல்பை, நெற்றியில் பட்டை, வேகமான நடை. சாத்தான்குளத்துச் சம்பந்தம் பேசிய தரகர் சுப்பையா என்று கோமதி என் காதில் சொன்னாள். அவள் கை என் பெட்டியின் பிடியை இறுக்கியது.

“உங்களைத் தேடி அம்பாசமுத்திரத்துக்கே வரணும்னு இருந்தேன் அண்ணாச்சி” என்றார் தரகர். “சிங்கப்பூர் இடம் தட்டிப்போச்சாமே, கேள்விப்பட்டேன். நீங்க ஒண்ணும் விசனப்படாதீங்க. சாத்தான்குளத்துக்காரங்க இன்னும் வேற இடம் பாக்கல. அவங்களுக்கும் மனசு இருக்கு. ஒரு வார்த்தை சொல்லுங்க, நாளைக்கே கூட்டிட்டு வாரேன்.”

முந்தின நாள் கூடத்தில் எந்த வாசலை நினைத்து அவர் குன்றிப்போனாரோ, அந்த வாசல் தானாகத் திறந்து எதிரில் நின்றது. ஊர் வாயும் மூடிவிடும். அவர் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு பூ வைக்க நாள் பார்ப்பார். ஆவுடையப்பன் மகளைப் பார்த்தார். அவள் தலையைக் குனியவில்லை.

“தட்டிப்போச்சுன்னு உமக்கு யாருவே சொன்னா?” என்றார் ஆவுடையப்பன். “இடம் அமைஞ்சிட்டு.”

தரகர் முகம் மாறியது. “அமைஞ்சிட்டா? சந்தோசம், சந்தோசம். மாப்ள என்ன பண்ணுதாரு?”

“இது மாப்ள இல்லாத இடம்வே” என்றார்.

தரகருக்குப் புரியவில்லை. என்னைப் பார்த்தார், கோமதியைப் பார்த்தார், மறுபடி ஆவுடையப்பனிடம் திரும்பினார். “அப்படிக்கூட ஒரு இடம் உண்டுமா அண்ணாச்சி?”

“எனக்கும் இத்தனை நாளாத் தெரியாதுவே” என்றார் ஆவுடையப்பன். “எம்மகளுக்குத் தெரிஞ்சிருக்கு.”